முதுகில் கை வைக்கும் முன்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு ஒருமுறையாவது, என்னோடு வேலை பார்த்த இளம் பிசியோதெரபிஸ்டுகளில் யாராவது ஒருவர் போனில் ஒரு வீடியோவை அனுப்பி, "மேடம், இது நிஜமாவே வேலை செய்யுமா?" என்று கேட்கிறார். வீடியோவில் ஒருவன் குப்புறப் படுத்திருப்பான். இன்னொருவன் அவன் முதுகில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்துவான். முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, பட்டாசு மாதிரி சத்தம் வரும். படுத்திருந்தவன் எழுந்து கண்ணீரோடு கும்பிடுவான். இதைப் பார்த்துவிட்டு வருகிற நோயாளிகள் எக்சர்சைஸ் எல்லாம் வேண்டாம், அந்த 'டக்' மட்டும் போதும் என்கிறார்களாம்.

நான் பல வருடம் அந்த 'டக்'குக்குப் பக்கத்தில் நின்றவள். அதனால் என்னைக் கேட்கிறார்கள். "சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது" என்று எழுதி அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அது பொய்யில்லை, ஆனால் முழுப் பதிலும் இல்லை. முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டெல்லா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் ரகசியம், அதனால்தான் சொல்லவில்லை என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் புளுகு. என் மானம் போகும் என்பதுதான் காரணம்.

நான் படித்த படிப்பையும், அரசு மருத்துவமனையில் பயிற்சி என்ற பெயரில் தீக்காயக்காரர்களின் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்த மாதங்களையும் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராகவன் சாரின் கிளினிக்கில் சேர்ந்தேன். கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் லஸ் முனையில் இறங்கி நடக்க வேண்டும். இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு, இடுப்பு ஒடிய நின்றுகொண்டே போவேன்.

சார் வெளிநாட்டில் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்கிற வைத்தியம், படித்துவிட்டு வந்தவர். அந்த நாளில் மெட்ராஸில் அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ ஜோசியம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் எம்.பி.பி.எஸ். இல்லை. மயிலாப்பூரே அவரை டாக்டர் என்று கூப்பிட்டது, ஆனால் வாசல் பலகையில் அந்த எழுத்தை அவர் போட்டுக்கொள்ளவில்லை. வைத்தியத்தில் நேர்மையான மனிதர். ஒரே குறை, அவருக்கு மெதுவாகப் பேச வராது. பழைய வீட்டின் உள்ளறையை மூன்றாகப் பிரித்துப் பச்சைத் துணித் திரை போட்டிருந்தோம். திரைக்கு உள்ளேயிருந்து அவர், "வசந்தி, அந்த சயாட்டிகா மாமிக்கு ஹாட் பேக் வெச்சியோ?" என்றால் ஹாலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் மாமியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கை வைப்பதற்கு முன் அவர் செய்வதையெல்லாம் நான் இன்றைக்கும் ஒன்று விடாமல் சொல்வேன். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் முக்கித் துடைத்துக்கொள்வார். நோயாளியை உட்கார வைத்து, பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு எலும்பாக இரண்டு விரலால் தொட்டுக்கொண்டே இறங்குவார். அப்போது மட்டும் பேசமாட்டார். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைப்பார். மேலே இருக்கிற காலை மடக்கி, பாதத்தை மற்ற முழங்காலுக்குப் பின்னால் செருகுவார். ஒரு கை தோளில், இன்னொரு முன்கை இடுப்பில். தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் மெல்லத் திருப்பி, இனிமேல் திரும்பாது என்கிற இடத்தில் நிறுத்துவார். பயந்த உடம்பு விறைத்துக்கொள்ளும் அல்லவா? அதற்காக, "ஆத்துல இன்னிக்கு என்ன சமையல்? சொல்லிண்டே இருங்கோ" என்பார். அவர்கள் சாம்பாரில் போட்ட காயை யோசிக்கிற நேரத்தில் குறுகலாக, வேகமாக ஒரு தள்ளு. டக்.

ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலை அந்தச் சத்தத்துக்காகவே மாதம் ஒருமுறை வருவார். எழுந்து நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். "இன்னா சார், எலும்பு ஒக்காந்துகிச்சா?"

"எலும்பு எழுந்துக்கவே இல்லையே, உக்காரறதுக்கு. அது வெறும் காத்துப்பா. மூட்டுக்குள்ள இருக்கற காத்து. சோடா பாட்டில் ஒடச்சா சத்தம் வரலையா, அந்த மாதிரி."

"காத்தோ எலும்போ, வலி எங்க போச்சுன்னே தெர்ல சார்."

"ரெண்டு வாரத்துல திரும்பி வரும். வசந்தி சொல்லிக் குடுத்த எக்சர்சைஸைப் பண்ணு, வராது."

"நான் தரையில பட்த்து காலத் தூக்கினு கெடந்தா வண்டிய யாரு சார் ஓட்றது?"

இதுதான் அந்த வைத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை. பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு, உட்கார்ந்து உட்கார்ந்து இறுகிப்போன முதுகு, இவற்றுக்கு அது சில நாள் சுகம் தரும். அந்தச் சில நாளில் உடற்பயிற்சி செய்துகொண்டவர்கள் தேறினார்கள். செய்யாதவர்கள் ஏழுமலை மாதிரி வந்துகொண்டே இருந்தார்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு அவர் 'டக்' பக்கமே போகமாட்டார், தொடைத் தசைக்குப் பயிற்சிதான். எலும்பு பலமில்லாதவர்கள், முறிவு, சீழ், கட்டி என்று சந்தேகம் இருப்பவர்கள், இவர்களைத் தொடவே கூடாது என்பதில் கண்டிப்பு. "மொதல்ல கேளு, அப்பறம் தொடு" என்பார். நாற்பது வயதுக்கு மேல் என்றால் எக்ஸ்ரே இல்லாமல் கை வைக்கமாட்டார்.

கேட்பது என் வேலை. ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். பெயர், வயது, வலி எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா, முன்பு ஆபரேஷன் ஏதாவது ஆனதா. ஹாலில் என் மேஜைக்கு எதிரே நிற்க வைத்து வரிசையாகக் கேட்டு எழுதுவேன். இரண்டு பெஞ்சிலும் ஆட்கள் இருப்பார்கள். மயிலாப்பூரில் யாருக்கு யாரைத் தெரியாது? ஒரு தடவை ஒருவர் சர்க்கரை இல்லை என்றதும், பெஞ்சிலிருந்து இன்னொருவர், "என்ன ஓய், போன வாரம்தான் சர்க்கரைக்கு வெண்டைக்காய ஊற வெச்சுக் குடிக்கறேன்னு சொன்னீர்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஸ்டெல்லா டீச்சர் ஒரு கார்த்திகை மாத மழையில் வந்தார். சாந்தோமில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயது நாற்பத்தெட்டு. கணவர் இல்லை, அனிதா என்று ஒரே பெண். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு மாதமாக வலி. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு என் எதிரே நின்றார். நான் கேட்டுக்கொண்டே போனேன்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா டீச்சர்?"

அவர் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். அங்கே முட்டிவலிக்கு வருகிற பிலோமினா அக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் சாந்தோம்தான், அதே கோவில் பங்கைச் சேர்ந்தவர். டீச்சர், "ஒண்ணும் இல்லம்மா" என்றார். அட்டையில் 'இல்லை' என்று எழுதினேன்.

எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் தெரியவில்லை. சார் இரண்டு முறை மென்மையாகத்தான் செய்தார். வலி குறைந்தது என்று டீச்சரும் சொன்னார். மூன்றாவது முறை சார் வர நேரமாகும் என்று சொல்லி, முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். அதுவரை ரவிக்கைக்கு மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவந்த டீச்சர், அன்று திரும்பி வந்த வலி பொறுக்காமல் கொக்கிகளைக் கழற்றினார். இடப்பக்கத்திலிருந்து மடித்து வைத்த கைக்குட்டைகள் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்துக் கொடுத்தபோது பார்த்தேன். மார்பு இருக்க வேண்டிய இடத்தில் அக்குள் வரை இழுத்துத் தைத்த தழும்பு.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. "வசந்தி, யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நாலு வருஷம் ஆச்சு. வேலூர்ல பண்ணிக்கிட்டேன். எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

"சார்கிட்ட மட்டும் சொல்லிடலாம் டீச்சர்."

"சார் பேசினா தெருமுனை வரைக்கும் கேக்குது. வெளிய பிலோமினா உக்காந்திருக்காங்க பாரு, அவங்க அண்ணன் பையனுக்குத்தான் அனிதாவப் பேசிட்டு இருக்கோம். தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லித் தட்டிடுவாங்க. அவளுக்கு அப்பாவும் இல்ல. நான் இருக்கும்போதே ஒரு இடத்துல சேத்துடணும்மா. கோவில்ல மூணு ஓலை வாசிச்சு முடியட்டும், நானே சார்கிட்ட சொல்றேன்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் குருவானவரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். டீச்சர் பயந்தது அந்த அறிவிப்புக்கு.

சரி என்றேன். பெண்ணுக்குப் பெண் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. மார்பில் வந்த புற்று எலும்புக்குப் போகும், அதிலும் முதுகெலும்புக்குப் போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். நாலு வருடம் ஆகிவிட்டதே, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று அந்தப் படிப்பின் வாயை அடைத்தேன். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும் என்பதும் நான் படித்ததுதான்.

டிசம்பரில் வலி மாறியது. அசையும்போது வருகிற வலி போய், சும்மா படுத்திருக்கும்போது குடைகிற வலி ஆனது. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. ஜனவரியில் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தபோது சார் அவரை நிற்க வைத்துப் பார்த்தார்.

"ரொம்ப எளச்சுட்டேளே?"

"கல்யாண அலைச்சல் சார். பத்திரிகை, புடவைன்னு ஒரே ஓட்டம்."

சார் அட்டையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வசந்தி, வேற ஒண்ணும் இல்லையே? எல்லாம் கேட்டுட்டயோன்னோ?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கெஞ்சினாற்போல் இருந்தது. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி என்று எனக்குத் தோன்றியது. "கேட்டுட்டேன் சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையில்கூடப் பொய் இல்லை. கேட்டேன் என்றுதானே சொன்னேன்? இப்படிப்பட்ட சாமர்த்தியம் எனக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

சார் கையை வெந்நீரில் முக்கித் துடைத்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சமையலைக் கேட்டார். "சார், இன்னிக்கு மீன்..." என்று டீச்சர் ஆரம்பித்தார். வழக்கமான சத்தம் வரவில்லை. ஈரக் குச்சியை மடக்கினாற்போல் மொத்தையாக ஏதோ கேட்டது. டீச்சர் "யேசுவே" என்றார். கத்தவில்லை, சொன்னார்.

சார் கையை எடுத்துவிட்டார். "கால் கட்டைவிரலை ஆட்டுங்கோ."

"ஆட்டிட்டுத்தானே சார் இருக்கேன்" என்றார் டீச்சர். விரல் அசையவே இல்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். யாரும் புரட்டக்கூடாது, தூக்கக்கூடாது என்று சார் குறுக்கே நின்றுகொண்டார். பயிற்சிக்கு வைத்திருந்த பலகையை அடியில் மெல்லச் செருகி, துணியால் கட்டி, அப்படியே கொண்டுபோனோம். மருத்துவமனை வராந்தாவில் ஓர் இளம் டாக்டர் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்பது. முன்பின் தெரியாத அந்தப் பையனிடம், அத்தனை கூட்டத்தின் நடுவில் சத்தமாகச் சொன்னேன்.

முதுகெலும்பில் ஒன்று உள்ளே அரித்துப்போய் நொறுங்கியிருந்தது. "அவர் அழுத்தலைன்னாலும் ஒருநாள் தும்மினாக்கூட ஒடைஞ்சிருக்கும்" என்று மறுநாள் பெரிய டாக்டர் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அடுத்ததைச் சொன்னார். "ஆனா ரெண்டு மாசம் முன்னாடி எங்ககிட்ட வந்திருந்தா ரேடியேஷன் கரண்ட் வெச்சிருப்போம். பெரும்பாலும் நடந்துட்டு இருந்திருப்பாங்க."

அன்று மாலையே சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தழும்பு, கைக்குட்டை, ஓலை, எல்லாம். திட்டுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட சொன்னா, நான் அந்தப் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துடுவேன்னு நெனச்சியா வசந்தி?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சரின் தம்பி வந்தார். ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து திரையை இழுத்தார். வளையங்களோடு கம்பி கீழே விழுந்தது. "டாக்டர்னு சொல்லிக்கினு இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க எங்கக்காவ? நடந்து வந்த பொம்பளைய பலகைல கட்டி அனுப்பிட்டியே, நீ மனுசனா?"

டீச்சருக்கு நடந்த ஆபரேஷன் அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. எங்களிடம் மறைத்தார் என்பதுதான் தெரியாது. சார் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், 'உங்க அக்காதான் சொல்லலை' என்று. என்னைக் கைகாட்டினாலும் போதும். பெஞ்சில் பிலோமினா அக்கா இருந்தார். சார் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை, "ஆமாம், நான்தான் அழுத்தினேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

நான் அட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் டீச்சரின் ரகசியம் போய்விடும் என்பதற்காகவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்டால், இரண்டாவதுதான். மனமறிந்து சொல்கிறேன்.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மணமக்கள் கோவிலிலிருந்து நேரே மருத்துவமனைக்கு வந்து டீச்சரின் கட்டிலருகே நின்றார்களாம். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் முடிவதற்கு முன் டீச்சர் போய்விட்டார். மயிலாப்பூரில் சாரின் பெயர், எலும்பை ஒடிக்கிறவர் என்று ஆகியிருந்தது. ஒரு பெஞ்சு எப்போதும் காலியாகக் கிடந்தது. அவரும் முதுகில் அழுத்துவதை அநேகமாக விட்டுவிட்டார். நான் அட்டை எழுதுவதை ஒரு தனியறைக்கு மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் மனிதர்கள் எவ்வளவோ சொல்கிறார்கள்.

ஈஸ்டர் முடிந்து பிலோமினா அக்கா முட்டியைக் காட்ட வந்தார். பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, டீச்சருக்கு முன்னாடியே ஆபரேஷன் ஆனது உங்க வீட்டுல தெரிஞ்சப்ப வருத்தப்பட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு அப்பவே தெரியுமேம்மா. அவங்க வேலூருக்குப் போனப்ப எங்க அன்பியத்துல, தெரு ஜெபக் கூட்டத்துல, அவங்களுக்காக ஜெபமால சொன்னோமே."

"தெரிஞ்சேவா சம்பந்தம் பேசினீங்க?"

"பொண்ணு தங்கமான பொண்ணு. நோய் யாருக்கு வரலை? அவங்க மறைக்கணும்னு நெனச்சாங்க, நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம். அன்னிக்கு ஹால்ல நீ கேட்டு அவங்க இல்லன்னப்ப நான் அங்கதான் உக்காந்திருந்தேன். அவங்களே வாயால சொல்லாதத நான் எப்படிம்மா நாலு பேர் முன்னாடி சொல்றது? மரியாதையா இருக்குமா?"

முட்டிக்குக் கீழே வைத்திருந்த துண்டுச் சுருளை எடுத்துவிட்டு எழுந்து சாரின் அறைக்குப் போனேன். யாருடைய எக்ஸ்ரேயையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கே தெரியும், அந்தக் கோவில் பங்குக்கே தெரியும் என்றேன்.

அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ எனக்கு மட்டுந்தான் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

ஹாலில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் முதல் ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.